மே மாதம் கழுவாத கை

மதிப்பிற்குரிய விசாரணை அலுவலர் அம்மா அவர்களுக்கு,

மாவட்ட மருத்துவமனையின் தோல் வாசிப்பு அறையில் பதினோரு ஆண்டுகளாக வாசிப்பாளராக இருக்கும் ந. கிருபாகரன் எழுதிக்கொள்வது. நேத்ரா என்ற இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் வாசிப்புத் தாளில், பதினான்காம் கட்டத்தில், நோய்க்குக் காரணமானவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில், என் பெயரை நானே எழுதியிருப்பது ஏன் என்று மூன்று நாளுக்குள் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். கை தவறி எழுதிவிட்டேனா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கை தவறவில்லை. யோசித்துத்தான் எழுதினேன்.

தாங்கள் தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால் எங்கள் அறையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். தெரிந்ததையே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் சாயப்பட்டறை ஊர். செதில்நோய் முதலில் இங்கேதான் வந்தது. விரல் நுனியில் தோல் உரிய ஆரம்பித்து மணிக்கட்டு, முழங்கை என்று ஏறும். தோள்பட்டையைத் தாண்டிவிட்டால் பிழைப்பது கஷ்டம். புதுத்தோல் வளர்த்து ஒட்டினால் குணமாகிவிடும். ஆனால் மாவட்டம் முழுவதற்கும் பன்னிரண்டு படுக்கைதான். யாருக்கு முதலில் கொடுப்பது என்று சண்டை வந்தபோதுதான் அரசாங்கம் வாசிப்புக் கருவியைக் கொண்டுவந்தது.

கையைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் ஒரு கைக்கு ஆறு நிமிடம். அந்தத் தோல்மேல் எந்தெந்த ஆண்டில் என்னென்ன பட்டது, காலையா மாலையா, அது எவ்வளவு கேடு செய்தது என்று திரையில் வந்துவிடும். அதை நாங்கள் இரண்டு பத்தியாகப் பிரிக்க வேண்டும். வேலை செய்த இடத்திலும் சுற்றுப்புறத்திலும் பட்டது புறக்காரணம். வேலை நேரம் போக, வீட்டுக்குள் பட்டதும் தானாகச் செய்துகொண்டதும் தன்பழக்கம். தன்பழக்கம் பாதியைத் தாண்டினால் பின்வரிசை. பின்வரிசைக்காரருக்குப் படுக்கை வர இரண்டு வருடம் ஆகும். நோய் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை.

இது வந்த பிறகு ஊரே கொஞ்சம் மாறிப்போனது அம்மா. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு தோல் வாசிப்பையும் கேட்கிறார்கள். வெயிலில் வேலை செய்தால் புறக்காரணம், கிரிக்கெட் ஆடினால் தன்பழக்கம் என்பதால், மைதானத்தில் ஆடுகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். ஒருவர் விரலில் பீடிப் புகை இருபது வருடத்துக்குத் தெரிந்தது. பீடி தன் மச்சான் குடித்தது, தான் பக்கத்தில் நின்றதோடு சரி என்று சாதித்தார். உங்கள் மச்சான் உங்கள் விரலால்தான் குடிப்பாரோ என்று கேட்டேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். கிருபாகரன் இருக்கிற இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. நோயாளிகளுக்குப் பயம் தெளியட்டும் என்றுதான் பேசுவேன். சின்ன வயதிலிருந்தே வந்த வாய் அது.

இனிப் பதினான்காம் கட்டம். தன்பழக்கம் என்று பிரித்த ஒன்றை, அந்த ஆள் தன் விருப்பத்தால் செய்யவில்லை, இன்னொருவர் சொல்லோ செயலோதான் காரணம் என்றால், அவர் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதலாம். எழுதினால் அந்தக் கேடு புறக்காரணத்துக்கு மாறிவிடும், நோயாளி முன்வரிசைக்கு வந்துவிடுவார். பெயர் எழுதப்பட்டவர் ஆயுளுக்கும் பின்வரிசை. பட்டறை முதலாளிகள் பயப்படட்டும் என்று வைத்த விதி இது என்று பயிற்சியில் சொன்னார்கள். ஆனால் கட்டத்தில் தனி ஆள் பெயர்தான் எழுதலாம், கம்பெனிப் பெயர் எழுதக்கூடாது. அதனால் பதினோரு வருடத்தில் நான் ஒரு முதலாளி பெயரையும் எழுதியதில்லை. எழுதியதெல்லாம் புருஷன், மாமியார், அம்மா, அக்கா.

நேத்ராவின் தாய் தாரணி போன வருடம் ஆடி மாதத்தில் வந்தாள். நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடம் நீலச்சாயத் தொட்டியில் வேலை. இரண்டு முழங்கையும் தாண்டியிருந்தது. கையைக் கண்ணாடிக்குக் கீழே வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“மேல்தோலு மாசத்துக்கு ஒருக்கா உதிர்ந்து போயிருதுங்களே. அப்புறம் என்னத்தைங்க படிக்கறீங்க?”

“மேல இருக்கறது உதிரும்மா. அடியில ஒண்ணு இருக்குது. என்னைக்கு எது பட்டாலும் குறிச்சு வச்சுக்கும். ஒண்ணையும் மறக்காது.”

“எங்க மேஸ்திரியாட்டம்னு சொல்லுங்க.”

நான் சிரித்தேன். அவளும் லேசாகச் சிரித்தாள். அதற்குள் திரையில் வந்துவிட்டது. சாயம் நாற்பத்து நான்கு, பிளீச்சிங் பவுடர் ஐம்பத்தொன்று, மற்றதெல்லாம் சேர்ந்து ஐந்து.

எனக்கு ஆச்சரியம். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் யாரும் கைச்சாயத்தைப் பெரிதாக நினைப்பதில்லை. எந்தத் தொட்டி ஆள் என்று கையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். நீலக்கை, சிவப்புக்கை என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். கல்யாணம் காட்சிக்குப் போனால் முதல்நாள் ஒருமுறை பிளீச்சிங்கில் கழுவுவார்கள், அவ்வளவுதான். இவளோ எட்டு வருடம் கழுவியிருக்கிறாள். அதுவும் வேலை முடிந்து சாயங்காலம் அல்ல, தினமும் காலையில், வேலைக்குப் போவதற்கு முன்னால். அங்கே போனதும் அரைமணி நேரத்தில் மறுபடி நீலமாகப் போகிற கையை எதற்குக் காலையில் கழுவ வேண்டும்? பிளீச்சிங் போட்டுத் தோல் வெடித்திருக்கும், அந்த வெடிப்பு வழியாகவே தினமும் சாயம் உள்ளே போயிருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். எட்டு வருடத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லை. மே மாதங்களில் இல்லை. டிசம்பர் கடைசியில் பத்துப் பன்னிரண்டு நாள் இல்லை. மே மாதத்தில் லீவு எடுத்துக்கொள்கிற பழக்கம் என்ன பழக்கம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வெளியே பெஞ்சில் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். அந்த நினைப்பை அப்படியே விட்டுவிட்டேன். விசாரணைக் குறிப்பில் என் குற்றமாக எதையாவது குறிக்க வேண்டுமானால் முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விதிப்படி கேட்டேன். யாராவது சொல்லித்தான் கழுவினாயா, அப்படியென்றால் பெயரைச் சொல், முன்வரிசைக்கு மாற்றிவிடலாம், இல்லாவிட்டால் இரண்டு வருடம் ஆகும், கை இருக்கிற நிலைமையில் ஆறு மாதம்கூடத் தாங்காது என்று ஒளிக்காமல் சொன்னேன்.  பெயர் சொன்னால் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்களா என்று கேட்டாள். ஆமாம், அந்த நேரத்தில் யார் யார் இருந்தார்களோ அத்தனை பேரையும் விசாரிப்பார்கள் என்றேன். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

“யாரும் சொல்லலீங்க. நானாத்தான் கழுவினேன்.”

தன்பழக்கம் என்று எழுதினேன். கைநாட்டு வைக்க விரலில் தோல் இல்லாததால் கருவிழியைப் பதிந்துகொண்டேன். எழுந்து கதவு வரைக்கும் போனவள் திரும்பி, என் பையன் நன்றாக இருக்கிறானா என்று கேட்டாள். எனக்குப் பையன் இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. சின்ன ஊர்தானே, ஒரு மரியாதைக்குக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, நல்லா இருக்கான் என்றேன்.

தை மாதம் தாரணி இறந்துபோனாள். பின்வரிசையில் அப்போது அவளுக்கு முன்னால் நூற்று நாற்பது பேர் இருந்தார்கள்.

நேத்ரா இந்த ஜூலையில் வந்தாள். வெளியூரில் ஒரு சின்னப் பள்ளியில் கணக்கு டீச்சர். கூந்தலைக் கழுத்துக்கு மேலே கத்தரித்திருந்தாள். பின்கழுத்தில், மயிர் முடிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. சாயப்பட்டறைப் பக்கமே போகாதவளுக்குச் செதில்நோய் எப்படி வந்தது என்று மருத்துவருக்குப் புரியவில்லை. வாசித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார். இப்போது கண்டுபிடித்துப் புதுத்தோல் வைத்தால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும், தள்ளிப்போட்டால் முதுகெலும்புப் பக்கம் இறங்கிவிடும் என்று அவர் எழுதியிருந்தார்.

வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, எங்கள் அம்மாவைப் பின்வரிசையில் போட்டது நீங்கள்தானே என்பது. ஆமாம் என்றேன். தலையைக் குனிந்து கண்ணாடிக்குக் கீழே கழுத்தைக் காட்டினாள்.

திரையில் வந்தது பிளீச்சிங் பவுடர். மிகக் கொஞ்சம். கூடவே தேங்காய் எண்ணெய். ஒன்பது வயதிலிருந்து பதினேழு வயது வரைக்கும், காலையில். ஞாயிறு இல்லை. மே மாதம் இல்லை. டிசம்பர் கடைசி இல்லை.

தாரணியின் தாளைப் பழைய பதிவிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே காலண்டர். பள்ளிக்கூடம் இருந்த நாட்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். டீச்சர் அல்லவா, தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். மே மாதத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. பிறகு அவளே சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் நான்காவது படித்த பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு விழாவில் பரிசைச் சிறப்பு விருந்தினர் கொடுக்கமாட்டார், பிள்ளையின் அம்மாவே மேடையேறிக் கொடுக்க வேண்டும். ஒப்புவித்தலில் நேத்ராவுக்கு முதல் பரிசு. தாரணி பட்டறையில் அரை நாள் லீவு சொல்லி, நேராக விழாவுக்கு வந்திருக்கிறாள். கையைத் தேய்த்துத் தேய்த்துச் சோப்புப் போட்டுத்தான் வந்திருக்கிறாள், பட்டறைச் சோப்புக்குச் சாயம் போகாது. புதுப்புடவை, முழங்கை வரைக்கும் நீலம். அந்தக் கையால் கோப்பையைக் கொடுத்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெற்றோர்களில் யாரோ ஒருவர், மயிலே பரிசு கொடுக்க வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

“எல்லாரும் சிரிச்சாங்க சார். மேடையில நின்னுட்டு நானும் சிரிச்சேன்.”

 மறுநாள் காலையில் அம்மா சடை பின்ன உட்கார்ந்தபோது நேத்ரா, அந்தக் கையோடு என் தலையைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாளாம். தாரணி எழுந்துபோய் வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள். கை வெள்ளையாக இருந்தது. நீச்சல் குளத்து வாசனை அடித்தது. அம்மாவின் கை வாசனையே அதுதான் என்று அதற்கப்புறம் பழகிவிட்டது என்றாள். பதினேழு வயதில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனாள். பின்னிவிட வேண்டிய தலை வீட்டில் இல்லை. தாரணி கழுவுவதையும் நிறுத்திவிட்டாள்.

நான் பதினான்காம் கட்டத்துக்கு வந்தேன். அலுவலர் அம்மா, இது எளிதாக முடியக்கூடிய ஒன்றுதான். கழுத்தில் பட்டது தாரணியின் கையிலிருந்து வந்தது. அவள் பெயரை எழுதினால் நேத்ரா முன்வரிசை. இறந்துபோனவர்களுக்குப் பின்வரிசை என்று ஒன்று இல்லை, யாருக்கும் நஷ்டமில்லை. இதை நேத்ராவிடம் எடுத்துச் சொன்னேன். பேரை எழுதினால் போதும் கண்ணு, அடுத்த வாரமே படுக்கை கிடைத்துவிடும் என்றேன்.

“எங்கம்மா பேரை அதுல எழுத மாட்டேன் சார்.”

“அவங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல கண்ணு.”

“எனக்கு ஆகுமில்லீங்களா. எம்பேரையே எழுதிக்குங்க.”

தன் பெயரையே எழுதினால் அது தன்பழக்கம், பின்வரிசை என்றேன். தெரியும் என்றாள். அம்மா இருந்த வரிசைதானே என்றாள். நான் என்னென்னவோ பேசிப் பார்த்தேன். என் வாய்க்கு அன்றைக்கு ஒரு வேடிக்கையும் வரவில்லை. கடைசியில், நீ போய்விட்டு வா, நான் பார்த்து எழுதுகிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

அவள் போனபிறகும் அந்த மயில் என்னை விடவில்லை. யாரோ ஒருவர் என்றுதான் நேத்ரா சொன்னாள். ஒன்பது வயதில் மேடைமேல் நின்றவளுக்கு முகம் தெரிந்திருக்காது. எந்தப் பள்ளி என்று அவள் சொல்லியிருந்தாள். என் மகன் அஸ்வத் படித்ததும் அங்கேதான். அவனும் அந்த வருடம் நான்காவது. ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசு வாங்கினான். அவன் அம்மா மேடையேறினாள், நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். மற்றதெல்லாம் மங்கலாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓசூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தேன். உன்கூட நேத்ரா என்று ஒரு பெண் படித்தாளே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான்.

“மயிலாப்பா?” என்றான்.

பத்தாவது வரைக்கும் வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடுமாம். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“நீங்க சொன்னதுதானப்பா. ஆண்டு விழாவுல. அன்னிக்கு எங்க செட்டே விழுந்து விழுந்து சிரிச்சுதே. உங்க அப்பா செம்ம ஜாலி டைப்புடான்னு பசங்க ஒரு வாரம் சொல்லிட்டு இருந்தாங்க.”

மகனுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. ஏன் கேட்கிறீர்கள் என்றான். சும்மாதான் என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அறையைத் திறந்ததும் முதல் வேலையாகப் பதினான்காம் கட்டத்தை நிரப்பினேன். ந. கிருபாகரன், வாசிப்பாளர். கட்டத்தில் கேட்டிருப்பது யாருடைய சொல்லோ செயலோ காரணம் என்பது. சொல் என்னுடையது. விதியில் எவ்வளவு நாளைக்கு முன்னால் சொன்ன சொல் என்று வரம்பு எதுவும் இல்லை, மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன். வேடிக்கைக்குச் சொன்னது சேராது என்றும் எங்கும் இல்லை.

தாங்கள் சாட்சி கேட்கலாம். என் மகனைக் கூப்பிட்டுக் கேட்கலாம், அவன் பொய் சொல்ல மாட்டான். அவன் வகுப்பில் படித்தவர்கள் பாதிப் பேர் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

பெயர் எழுதப்பட்டவர் ஆயுளுக்கும் பின்வரிசை என்பது எனக்குத் தெரியும். வாசிப்பு விளக்குக்குக் கீழே பதினோரு வருடம் மற்றவர்கள் கையைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்ததில், மார்ச் மாதத்திலிருந்து என் வலது கையில் இரண்டு விரல் உரிய ஆரம்பித்திருக்கிறது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே வாசித்துப் பார்த்துக்கொண்டேன். புறக்காரணம் தொண்ணூற்றெட்டு. முன்வரிசைதான் கிடைத்திருக்கும். இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை, தெரியாமல் எழுதிவிட்டான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பதிவை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நேத்ராவின் படுக்கையை மட்டும் தாமதம் செய்யாதீர்கள். நேற்று மருத்துவர் அளந்தபோது கழுத்திலிருந்து ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை அவளுக்கும் அனுப்புகிறேன். அது விதிக்குப் புறம்பு என்றால் அதற்கும் தனியாக விளக்கம் எழுதித் தருகிறேன். அம்மாவின் கையைத் தான்தான் தின்றுவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை, கேட்ட சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோனாள். சிரிப்பு எங்கிருந்து கிளம்பியது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு அவள் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. தாரணி அன்றைக்கு என் முகத்தை இரண்டு தடவை பார்த்தாள் என்று எழுதினேன். நான் அவளை அடையாளம் காணவில்லை. ஆண்டு விழாவில் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தது கையை மட்டும்தான். அவளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. குரலைக் கேட்டதுமே தெரிந்திருக்க வேண்டும். எழுத வேண்டிய பெயருக்குரியவன் எதிரே உட்கார்ந்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெயரைச் சொல் பெயரைச் சொல் என்று அவளையே கேட்டுக்கொண்டிருக்கிறான். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். சொன்னால் மகளையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அன்று மேடையில் என்ன நடந்தது, மறுநாள் வீட்டில் என்ன பேசினாய் என்று கேட்பார்கள் என்பதையும் நான்தான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் கதவருகே நின்று, உங்க பையன் நல்லா இருக்கானுங்களா என்று கேட்டாள்.

நல்லா இருக்கான் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
ந. கிருபாகரன்
வாசிப்பாளர்